ஆண்டாள் கிளியும் ஆங்கில டீச்சரும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஆண்டாள். மற்றொன்று, பால்கோவா. இரண்டில் எது முதல் காரணம் என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். ஆகையால் கேட்காமல் விட்டுவிடுவோம். ராஜபாளையத்துக்குப் போகிறவர்களுக்கோ பஞ்சாலை, மாம்பழம், பெயர் பெற்ற வெள்ளை நாய் என்று காரணங்கள் பல. எங்களுக்கு ஒரு கல்யாணம் காரணம். என் கணவருடைய நண்பர் வீட்டுக் கல்யாணம் ராஜபாளையத்தில். ஆனால் ஊர் திரும்பும்போது என் மனசில் நின்றது கல்யாணச் சாப்பாடு அல்ல. ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களைப் பற்றிய யோசனை. "கல்யாணத்துக்குப் போய் இதையா கொண்டுவந்தாய்?" என்று என் கணவர் கேலி செய்தார். அவர் கேலி இருக்கட்டும். விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால், விருதுநகர், சிவகாசி தாண்டி, விடிகிற நேரத்தில் வண்டி மேற்கு மலையைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும். வெயிலுக்குப் பேர்போன சீமைதான். ஆனால் அந்த மலை தெரிந்ததுமே கண்ணில் ஒரு குளிர்ச்சி தட்டுகிறது. முகூர்த்தம் மறுநாள் என்பதால் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிட்டோம்.

தினம் ஒரு கிளி

வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, கழுத்து வலித்த பிறகு ஆண்டாள் சந்நிதிக்கு வந்தோம். அவள் இடது கையில் ஒரு கிளி இருக்கிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? பொன்னிலோ மரகதத்திலோ ஒரே தடவையாகச் செய்து வைத்துவிட்ட கிளி அல்ல அது. இலையாலும் பூவாலும் தினந்தோறும் புதிதாகக் கட்டுகிற கிளி. மாதுளம்பூ மூக்கு, பச்சை இலைச் சிறகு. இன்றைய கிளி நாளைக்கு உதவாது. நாளைக்கு மறுபடி உட்கார்ந்து கட்டத்தான் வேண்டும்.

நம் வீடுகளில் கிளியின் பெயர் எப்போது அடிபடும்? "கிளிப்பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னேனே!" என்று குழந்தைகளைக் கடிந்துகொள்ளும்போது. சொன்னதைத் திருப்பிச் சொல்லுகிறது கிளி. ஆனால் அதற்கு அதற்கு மேல் தெரியாது. "அக்கா" என்று கற்றுக்கொடுத்தால் தாத்தாவைப் பார்த்தும் "அக்கா" என்றுதான் கூப்பிடும். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிற லட்சணமும் பல இடங்களில் இப்படித்தானே இருக்கிறது? கட்டுரையைப் பக்கம் பக்கமாக ஒப்பிக்கும் பெண், வாசலில் வந்து நின்றவர் ஆங்கிலத்தில் வழி கேட்டால் உள்ளே ஓடிவிடுகிறாள்.

மொழி என்பது ஒரு தடவை வார்த்து வைத்துக்கொள்ளும் பொற்கிளி இல்லை. தினமும் புதிதாகக் கட்டவேண்டிய இலைக்கிளி என்று அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது. அப்படியானால் கட்டுகிறவருடைய விரலும் தினம் பழக வேண்டும் அல்லவா? ஆசிரியரைப் பற்றிய யோசனை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு மொழிக்குள் இன்னொரு மொழி கலந்து உறவாடுவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. தமிழில் பாடிய ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்ற காவியமாக எழுதியவர் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர். ஒரு சக்கரவர்த்தி, வேற்றுமொழிப் பெண்ணின் கதையைத் தன் மொழியில் சொல்லிப் பார்த்தார். ஆங்கிலத்துக்கும் இங்கே பழைய வாசற்படி ஒன்று உண்டு. 1875-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பென்னிங்டன் நூல் நிலையம், தமிழ்நாட்டின் பழைய பொது நூல் நிலையங்களில் ஒன்று. அந்த நாளில் இந்தச் சீமை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. பிறகு 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போயிற்று. 1985 முதல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தனி ஜில்லா. ஜில்லா மாறினாலும் புத்தகங்களின் வாசல் மாறவில்லை.

மாடவீதிப் பக்கம் வந்தால் பால்கோவா வாசனை இழுக்கிறது. 2019-ல் இந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கடைக்காரர்களின் பேச்சில் ஒரு மிடுக்கு கூடியிருக்கிறது. பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. ரகசியம் கையில் இருக்கிறது. இரும்புச் சட்டியில் பால் சுண்டும் வரைக்கும் துடுப்பை விடாமல் கிளறிக்கொண்டே இருக்கிறார்கள். "கொஞ்சம் கையை எடுத்தாலும் அடிப்பிடிச்சிரும் அம்மா" என்றார் ஒருவர். வீட்டில் பால் காய்ச்சத் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்று மொழி ஊர்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கி, பால்கோவாப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது.

சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக 1949 முதல் 1952 வரை இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவின் ஊர் இது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய கட்டுத்துணி நெய்கிறார்கள். உங்கள் குழந்தை மாடிப்படியில் விழுந்து முழங்காலில் போட்ட கட்டு ஒருவேளை அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

கல்யாண வீட்டில் நுழைந்ததும் எனக்கு ஓர் ஆச்சரியம். ராஜுக்கள் குடும்பம் அது. அவர்களுடைய முன்னோர் பல தலைமுறைகளுக்கு முன் ஆந்திர தேசத்திலிருந்து வந்தவர்கள். பாட்டி பேரனிடம் தெலுங்கில் ஏதோ சொல்லுகிறாள். பேரன் சமையற்காரரிடம் அதைத் தமிழில் சொல்லுகிறான். வாசலில் கட்டியிருந்த வெள்ளை நாயிடம் மட்டும் "சிட்! சிட்!" என்று ஆங்கிலத்தில் அதட்டுகிறான்! மூக்கு சிவந்த அந்த நாய், 2005-ல் தபால் தலையில் இடம் பிடித்த ஜாதி ஆயிற்றே. ஆங்கிலம் தெரிந்ததுபோல் கம்பீரமாக உட்கார்ந்தது.

"பார்த்தாயா, இந்த வீட்டில் ஆங்கிலத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்" என்றார் என் கணவர்.

வேடிக்கை இருக்கட்டும். ஆங்கிலத்தை நாம் இரண்டாம் மொழி என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த ஊரில் பல குழந்தைகளுக்கு அது மூன்றாவது. ஆனால் இரண்டாவது மொழியான தமிழை அவர்கள் எந்த இலக்கணப் புத்தகத்தை வைத்துப் படித்தார்கள்? தெருவில் விளையாடி, கடையில் சாமான் வாங்கி, சண்டை போட்டு, சமாதானமாகிக் கற்றுக்கொண்டார்கள். ஆங்கிலத்துக்கு அந்தத் தெரு இல்லை. பள்ளிக்கூடத்து நாற்பது நிமிஷம்தான் அதற்குத் தெரு, கடை, திண்ணை எல்லாம். அந்த நாற்பது நிமிஷத்துக்கு எஜமானி ஓர் ஆசிரியை. அவளுக்கு அந்த மொழி எங்கே கிடைக்கிறது?

நோட்டுப் புத்தகத்தில் இருந்த சந்தேகங்கள்

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குக் கல்யாண வீட்டிலேயே கிடைத்தது. காய் நறுக்கும் இடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவள். எல்லாரும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை நானும் எழுதப் போவதில்லை. இருபது வருஷ அனுபவம். பேச்சு வாக்கில், "நீங்கள் யாரோடு ஆங்கிலம் பேசுவீர்கள், டீச்சர்?" என்று கேட்டேன்.

கத்தி நின்றது. "யாரோடயும் இல்லக்கா" என்றாள். "வகுப்புல பேசுவேன். பிள்ளைங்க கேக்கும். திருப்பிப் பேசறதுக்கு ஆளில்ல."

மாலையில் பக்கத்துத் தெருவில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். அட்டை போட்ட பழைய நோட்டு. உள்ளே பூராவும் கேள்விகள்! 'டாக் அபவுட்' என்பது சரியானால் 'டிஸ்கஸ் அபவுட்' மட்டும் ஏன் தப்பு? 'ஐ ஆம் ரீடிங்' சொல்லலாம் என்றால் 'ஐ ஆம் நோயிங்' ஏன் கூடாது? 'டேபிள்' மாதிரிதான் 'வெஜிடேபிள்' என்று உச்சரிக்க வேண்டுமா? இன்னொரு பக்கத்தில் ஒரு மாணவி கேட்ட கேள்வி: "டீச்சர், 'போயிட்டு வரேன்' என்பதற்கு இங்கிலீஷில் என்ன?"

கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். பிறகு யோசித்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போகிறேன்" என்று சொல்லக்கூடாது, திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது நம் வழக்கம். ஆங்கிலத்தில் "பை" என்றால் முடிந்தது. வார்த்தைக்கு வார்த்தை போட்டால் அசடு வழியும். அதை ஒரு குழந்தைக்கு எப்படி விளக்குவது? நல்ல கேள்விதான்!

"இதையெல்லாம் யாரிடமாவது கேட்டீர்களா?"

"எப்படிக்கா கேக்கறது? 'இத்தனை வருஷமா என்ன சொல்லிக் குடுத்தீங்க?'ன்னு கேட்டுருவாங்களே. போன்ல தேடிப் பாக்கறேன். ஒண்ணுக்குப் பத்துப் பதில் வருது. எது நம்ம பிள்ளைங்களுக்குச் சரிப்படும்னு சொல்ல ஆள் வேணுமில்ல?"

வைத்தியருக்குச் சந்தேகம் வந்தால் இன்னொரு வைத்தியரைக் கேட்கிறார். வக்கீலுக்குச் சீனியர் இருக்கிறார். சமையலில் நமக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டு மாமி இருக்கிறாள். ஆங்கில டீச்சருக்கு யார்?

பனி உருண்டை உருண்ட கதை

மேலிடத்தில் யாரும் கவலைப்படவில்லை என்று சொல்ல முடியாது. 1958-ல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கிலக் கழகம் ஏற்பட்டது. 1963-ல் தென் மாநிலங்களுக்கென்று பெங்களூரில் ஒரு வட்டாரக் கழகம் வந்தது. அதே காலத்தை ஒட்டி, அன்றைய சென்னை ராஜ்யத்தில் பிரிட்டிஷ் கவுன்ஸில் உதவியோடு ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆரம்ப வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி தர வேண்டும். அத்தனை பேருக்கும் நிபுணர்கள் நேரில் போய்ச் சொல்ல முடியுமா? ஆகவே முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் போய்ப் பலருக்கு. அந்தப் பலர் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெருக்கும் பனி உருண்டையைப் போல இருந்ததால், 1962-ல் இதைப் பற்றி எழுதிய ஓர் ஆங்கிலேயர் 'மதராஸ் ஸ்நோபால்' என்றே தலைப்புக் கொடுத்தார். பனியையே பார்த்திராத நம் ராஜ்யத்துக்கு இப்படி ஒரு பெயர்!

'திஸ் இஸ் எ பென்', 'தட் இஸ் எ டோர்' என்று பொருளைக் காட்டி, வாக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் முறை அது. உங்களில் சிலருடைய தாயாரோ பாட்டியோ அப்படிப் படித்திருப்பார்கள். வெறும் நெட்டுருவுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் கைமாறி வருகிற எந்தச் செய்தியும் கடைசிக் கைக்கு வரும்போது கொஞ்சம் தேய்ந்துதான் வரும். அது மட்டும் அல்ல. பயிற்சி முடிந்து ஆசிரியர் தம் ஊருக்குத் திரும்பிய பிறகு, வகுப்பில் புதிதாக ஒரு சந்தேகம் முளைத்தால் என்ன செய்வது? மேலிருந்து கீழே உருண்டு வந்த உருண்டைக்குக் கீழிருந்து மேலே கேள்வியைக் கொண்டுபோகத் தெரியாது.

அதற்கு வேண்டியது சங்கம். ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள ஓர் இடம்.

சங்கத்தால் வந்த அகராதி

சங்கம் என்றதும் கொடி, கோஷம், சம்பளக் கோரிக்கை என்று நினைக்காதீர்கள். அவையும் வேண்டியவைதான். நான் சொல்வது தொழிலைப் பற்றிப் பேசிக்கொள்ளும் சங்கம்.

1965-லேயே சென்னையிலிருந்து ஆங்கிலம் கற்பித்தலுக்கென்று ஓர் ஆங்கிலப் பத்திரிகை தொடங்கிவிட்டது. தொடங்கியவர் கல்வியாளர் பத்மஸ்ரீ எஸ். நடராஜன். 1974-ல் அவரே இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கத்தைச் சென்னையில் பதிவு செய்தார். சுருக்கமாக 'எல்டாய்' என்பார்கள். அமெரிக்காவில் இதே போன்ற சங்கமான 'டீசால்' பிறந்தது 1966-ல். பிரிட்டனில் டபிள்யூ. ஆர். லீ என்பவர், ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்பவர்களுக்கென்று சங்கம் கண்டது 1967-ல். 1971-ல் அது சர்வதேசச் சங்கம் ஆயிற்று. ஆக, அந்த இரண்டு பெரிய சங்கங்களுக்கும் முன்பே நம் சென்னைப் பத்திரிகை கண் விழித்துவிட்டது! இலங்கை ஆசிரியர்கள் 1985-லும், நேபாளத்து ஆசிரியர்கள் 1992-லும் தங்களுக்கென்று சங்கம் அமைத்துக்கொண்டார்கள். நம் சங்கத்துக்குச் சென்னைக்கு வெளியேயும் கிளைகள் உண்டு. ஆண்டுதோறும் மாநாடும் நடக்கிறது. பள்ளி ஆசிரியரும் கல்லூரிப் பேராசிரியரும் ஒரே அறையில் உட்கார்ந்து, "என் வகுப்பில் இது பலித்தது, இது பலிக்கவில்லை" என்று சொல்லிக்கொள்கிற இடங்கள் இவை.

இப்படிப் பேசிக்கொள்வதால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பீர்கள். ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை.

1924-ல் ஏ. எஸ். ஹார்ன்பி என்ற இளைஞர் ஜப்பானில் ஒய்ட்டா என்ற ஊருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். டோக்கியோவிலிருந்து வெகு தொலைவில், கியூஷு தீவில் இருக்கிற ஊர். நம் ராஜபாளையத்து டீச்சரைப் போலத் தனி ஆள். அப்போது டோக்கியோவில் ஹெச். இ. பாமர் என்பவர், 1923-ல் ஆரம்பித்த ஓர் ஆங்கிலக் கற்பித்தல் ஆராய்ச்சிக் கழகத்தை நடத்தி வந்தார். அந்தக் கழகம் ஒரு பத்திரிகையும் வெளியிட்டது. ஆசிரியர்களைக் கூட்டி மாநாடும் நடத்தியது. ஹார்ன்பி அதனுடன் தொடர்பு வைத்துக்கொண்டார். சொற்களைப் பற்றிய ஆராய்ச்சியில் கூட்டாளியானார்; பிறகு டோக்கியோவுக்கே வரவழைக்கப்பட்டார். வேறு இரண்டு ஆசிரியர்களோடு சேர்ந்து அவர் தயாரித்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவனுக்கு எங்கே தடுக்கும் என்று தெரிந்து எழுதிய அகராதி அது. பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அதை வெளியிட்டு, உலகமெங்கும் மாணவர் கைக்குக் கொண்டுபோயிற்று. உங்கள் வீட்டு அலமாரியிலும் அதன் பிற்பதிப்பு ஒன்று இருக்கக்கூடும்.

'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வரும், 'நோ' என்ற வினைக்கு 'இங்' ஏன் ஒட்டாது என்பவையெல்லாம் அந்த அகராதி கவனித்த விஷயங்கள். டீச்சரின் நோட்டில் இருந்த அதே சந்தேகங்கள்! வித்தியாசம் ஒன்றுதான். ஒருவருடைய சந்தேகங்களுக்குக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். அவை அகராதி ஆயின. மற்றவருடையவை பீரோவுக்குள் இருக்கின்றன.

ஹார்ன்பி அதோடு நிற்கவில்லை. தம் புத்தகங்களால் வந்த பணத்தைக் கொண்டு 1961-ல் ஓர் அறநிலையம் வைத்தார். பல நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் மேற்கொண்டு படிக்க அதிலிருந்து உதவி கிடைத்து வருகிறது.

அயல்நாட்டுக் கதை எதற்கு? நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. என். எஸ். பிரபு என்ற அறிஞர், பெங்களூரில் கூடி விவாதித்த ஆசிரியர்களோடு சேர்ந்து, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளைக்கு ஒரு வேலை கொடு. வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லட்டும். ரயில் நேரப் பட்டியலைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிக்கட்டும். வேலையில் மனம் போகும்போது மொழி தானே ஒட்டிக்கொள்ளும். இதுதான் கருத்து. இன்று உலகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தச் சோதனையைத் தாண்டிப் போக முடியாது. நம்மூர் வகுப்பறைகளில், நம்மூர்ப் பிள்ளைகளை வைத்துக் கண்டது!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. பந்தியில் டீச்சருக்குப் பக்கத்து இலையில் இன்னும் இரண்டு ஆங்கில ஆசிரியைகள், ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "டீச்சர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார், தெரியுமா?" என்று போட்டு உடைத்துவிட்டேன். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி சொன்னாள்: "அப்படியா? எங்கிட்ட ரெண்டு நோட்டு இருக்கு!" அப்புறம் பாயசம் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் மூவரும் 'போயிட்டு வரேன்' விவகாரத்தை அலசினார்கள். அவர்கள் கண்ட முடிவு: வார்த்தையை மாற்றாதே, சந்தர்ப்பத்தை மாற்று. ஆங்கிலேயன் அந்த இடத்தில் என்ன சொல்வான் என்று பார். "ஸீ யூ" என்பான். அதிலும் மறுபடி பார்ப்போம் என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறதே! டீச்சர் அதை அங்கேயே சந்தனம் ஒட்டிய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.

பெரிய சங்கங்களும் இப்படித்தான் தொடங்குகின்றன. மூன்று பேர், ஒரு சந்தேகம், கேட்டால் கேவலம் இல்லை என்கிற தைரியம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே 12 கிலோமீட்டர்தான். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

நம் பங்கும் இதில் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், "என் பெண்ணுக்கு ஏன் மார்க் குறைந்தது?" என்றுதான் நாம் ஆரம்பிக்கிறோம். அடுத்த தடவை, "உங்களுக்கு ஆசிரியர் சங்கம், மாநாடு ஏதாவது உண்டா, டீச்சர்? போவதற்குப் பள்ளியில் லீவு தருகிறார்களா?" என்றும் கேட்டுப் பாருங்கள். ஒரு சனிக்கிழமை அவள் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றால், அவள் வீட்டில் அன்றைக்குச் சமையலை யார் பார்ப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. அதை அவள் வீட்டுக்காரர்களிடம் யாராவது கேட்டால் தேவலை.

தாமே சந்தேகம் கேட்கத் துணிந்த ஆசிரியையின் வகுப்பில்தான் குழந்தைகளும் பயமில்லாமல் வாயைத் திறப்பார்கள். வாயைத் திறந்தால் தப்பு வரும், வரட்டும். தப்பே இல்லாமல் பேசுவது கிளி ஒன்றுதான்.